வயல் கூலிக்குப் போகும் சனத்துக்கு ஒரு நிதியம்: பதிவுக்கு முன்னால் ஒரு நாட்காட்டி

மூதூர்ப் பக்கத்தில் வயல் கூலிக்குப் போகிற குடும்பங்களுக்காக ஒரு நிதியம் தொடங்க இருக்கிறோம், லண்டனில் இருக்கிற சொந்தக்காரர் சேர்ந்து 15 இலட்சம் ரூபாய் தருகிறார்கள், டிரஸ்டாகப் பதிவதா சங்கமாகப் பதிவதா, யாருக்கு எப்படிக் கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். பதிவைப் பற்றிக் கட்டாயம் சொல்கிறேன். ஆனால் அது இரண்டாம் பேச்சு. திருகோணமலை மாவட்டத்துக் கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குப் புத்தகங்களோடு இருபத்தெட்டு வருடம் காலம் தள்ளியவன் நான். பதிவில் பிழை வந்து ஒரு நிதியம் படுத்ததை நான் கண்டதேயில்லை. யாருக்குக் கொடுக்கிறோம் என்று தெரியாமல் தொடங்கி மூன்றாம் வருடம் படுத்தவை எத்தனையோ.

முதலில் அரசின் கமநல (விவசாய) சேவை நிலையத்துக்குப் போவீர்கள், எல்லாரும் அங்கேதான் போவார்கள். அங்கே ஒரு பதிவேடு இருக்கும். 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் வைக்கிற பதிவேடு. காணிக்காரர் பெயர் இருக்கும், செய்கை பண்ணுகிறவர் பெயர் இருக்கும். அதே வயலில் களை பிடுங்குகிற பெண்ணின் பெயர் இருக்காது. உர மானியம் ஏக்கர் கணக்கில் வருகிறது. பயிர்க் காப்புறுதியும் ஏக்கர் கணக்கு. வெள்ளாமை அழிந்தால் வருகிற நட்டஈடும் ஏக்கர் கணக்குத்தான். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மாவிலாற்று அணைக்கட்டு உடைப்பெடுத்துத் தண்ணீர் வந்ததே, அப்போது வயல்காரருக்குப் போனது பயிர். கூலிக்காரருக்குப் போனது அந்தப் பயிரில் செய்ய இருந்த வேலை. அந்த வேலைநாளை எழுத எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. உங்கள் நிதியம் எழுத வேண்டியது அதைத்தான்.

அதை எப்படி எழுதுவது என்று எனக்குச் சொல்லித் தந்தவர் வெருகல் பக்கத்து அக்கா ஒருவர். சில வருடங்களுக்கு முன் இப்படியொரு பெயர்ப்பட்டியல் எடுக்க வாய்க்கால் கட்டில் ஒரு மருத மரத்தின் கீழ் மேசை போட்டு உட்கார்ந்திருந்தோம். அடையாள அட்டை இலக்கம், குடும்ப அங்கத்தவர், அரசின் அஸ்வெசும உதவிப்பணம் வருகிறதா இல்லையா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு நிரப்பிக்கொண்டிருந்தோம். அவர் ஒரு சொப்பிங் பையைத் திறந்தார். ஆஸ்பத்திரி கிளினிக் கொப்பி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், அடியில் நாலாக மடித்த ஒரு கடை நாட்காட்டி. வேலைக்குப் போன நாளுக்கெல்லாம் பேனையால் ஒரு கோடு. காசு வாங்கிய கோட்டுக்குக் குறுக்கே இன்னொரு சின்னக் கோடு. நவம்பரில் பதினொன்று, டிசம்பரில் ஆறு, ஜனவரியில் மூன்று. பெப்ரவரி கடைசியில் கோடுகள் நெருங்கி நின்றன. சித்திரைக்குப் பிறகு தாள் வெறுமை. குறுக்குக் கோடு விழாத நாட்கள் ஒன்பது இருந்தன. கூலி இன்னும் கைக்கு வரவில்லை என்று அர்த்தம்.

நாங்கள் அச்சடித்துக்கொண்டு போன படிவத்தில் இதில் ஒன்றுகூட இல்லை.

நீங்களும் அங்கேயே தொடங்குங்கள். முப்பது குடும்பத்தைக் கண்டு, போன வருடம் எந்த மாதத்தில் எத்தனை நாள் வேலை கிடைத்தது என்று மட்டும் கேளுங்கள். நினைவிலிருந்து சொன்னாலும் பரவாயில்லை. ஊருக்கு ஊர் கணக்கு மாறும். கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாய்கிற தம்பலகாமம் பக்கத்திலும், அல்லைத் திட்டத்துக் காணிகளிலும் பெரும்போகம் (மாரிச் செய்கை), சிறுபோகம் (கோடைச் செய்கை) இரண்டும் உண்டு. மழையை நம்பி விதைக்கிற மேட்டுக் காணிகளில் மாசி, பங்குனி அறுவடை முடிந்தால் அடுத்த ஐப்பசி வரைக்கும் வயலில் வேலை கிடையாது. நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் வெங்காயம் செய்கிற இடங்களில் ஆளுக்கு வேறு காலத்தில் வேலை வரும். ஒரே மாவட்டத்தில் ஒரு ஊருக்குப் பஞ்சமான மாதம் இன்னொரு ஊருக்குக் கைநிறைய வேலையான மாதம். இது தெரியாமல் எல்லாருக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கு ஒரு உலர் உணவுப் பொதி கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். அறுவடைக் காசு கொஞ்சமாவது கையில் இருக்கிற நேரம் அது. சனம் உண்மையில் வாடுவது மார்கழியிலும் தையின் முதல் பாதியிலும்: விதைப்பு முடிந்திருக்கும், மழை அடிக்கும், கடையில் கடன் ஏறியிருக்கும்.

இன்னொன்றும் மாறியிருக்கிறது. அருவி வெட்டுக்கு, அதாவது நெல் அறுவடைக்கு, முன்பு ஆள் கூட்டமாகப் போவார்கள், பெண்கள் குழுவாகப் போய் ஒரு வட்டையை (வயல்வெளியை) முடித்துக்கொண்டு வருவார்கள். இப்போது வெட்டுமெசின் வயலுக்குள் இறங்கினால் ஒரு ஏக்கர் ஒன்று, ஒன்றரை மணித்தியாலத்தில் முடிந்துவிடுகிறது. களைநாசினி வந்து களை பிடுங்குகிற நாளையும் குறைத்துவிட்டது. மெசினும் மருந்தும் எடுத்துக்கொண்ட வேலையில் பெரும்பகுதி பெண்களுடையது. ஆணுக்கு மருந்தடிக்கிற வேலை, உரமெறிகிற வேலை, மூடை தூக்குகிற வேலை என்று ஏதோ மிஞ்சியிருக்கிறது. கூலியும் பெண்ணுக்குக் குறைவு. ஆகவே பட்டியலில் குடும்பத் தலைவர் பெயர் என்று ஒரு கட்டம் வைக்காதீர்கள். வேலைக்குப் போகிற ஆளின் பெயரை எழுதுங்கள்.

சரி, எதற்குக் கொடுப்பது? என் அபிப்பிராயம் கொஞ்சம் கறாரானது: சின்னத் தொகை, உடனே, ஆபத்துக்கு. வீடு கட்டுவது, சுயதொழில், புலமைப்பரிசில் எல்லாம் 15 இலட்சத்துக்குத் தாங்காது. அவற்றைச் செய்ய வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

ஆபத்து என்று நான் சொல்வது எதை என்று பாருங்கள். வரம்பில் புடையனோ விரியனோ கடித்துவிடுகிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து இலவசம், கட்டிலும் இலவசம். ஆனால் இரவு பத்து மணிக்கு ஓட்டோ பிடித்து மூதூருக்குக் கொண்டுபோய், அங்கிருந்து திருகோணமலைப் பெரியாஸ்பத்திரிக்கு மாற்றினால் கூடவே ஓடி, ஒரு கிழமை ஒருவர் கட்டிலடியில் நிற்க வேண்டும். இரண்டு பேரின் கூலி நின்றுபோகும். கிண்ணியாப் பாலமும் வழியிலுள்ள மற்றப் பாலங்களும் திறந்தபின் பாதைக்கு (ஆற்றைக் கடத்திவிடுகிற மிதவைக்கு) காத்திருக்கிற பாடு இல்லை, ஓட்டோக் காசு இருக்கிறதே. அந்த இரவே கைக்கு வருகிற 5,000 ரூபாய்க்கு இருக்கிற பெறுமதி, இரண்டு மாதம் கழித்துக் கூட்டம் கூடி நிறைவேற்றுகிற 25,000 ரூபாய்க்கு இல்லை. அதனால் இரண்டு அங்கத்தவர் தொலைபேசியில் ஒத்துக்கொண்டால் பொருளாளர் உடனே கொடுக்கலாம், கூட்டத்தில் பிறகு உறுதிப்படுத்தலாம் என்று நிதியத்தின் யாப்பில் (விதிக் கோவையில்) ஒரு வாசகம் போட்டுவிடுங்கள். இது இல்லாத யாப்பு இந்த வேலைக்கு உதவாது.

எலிக்காய்ச்சல் இன்னொன்று. சேற்றில் நிற்கிறவருக்கு வருகிற நோய். அதைத் தடுக்க விதைப்பு, அறுவடைக் காலத்தில் கிழமைக்கு ஒருமுறை குடிக்கிற டொக்சிசைக்கிளின் குளிசையைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை இலவசமாகத் தருகிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பெயர்ப்பட்டியல் கேட்பார், அந்தப் பட்டியலிலும் பெரும்பாலும் வயல்காரர்தான் இருப்பார். உங்கள் பட்டியலில் ஒரு பிரதியை அவரிடம் கொடுங்கள், காசு செலவில்லாத வேலை. பூட்ஸ் வாங்கிக் கொடுக்க ஆசைப்படாதீர்கள். நாங்கள் ஒருமுறை வாங்கிக் கொடுத்தோம். சேற்றில் கால் வைத்தால் பூட்ஸ் அங்கேயே நிற்கும், கால் மட்டும் வெளியே வரும். அடுத்த முறை போனபோது ஒரு வீட்டு முற்றத்தில் அதில் பூச்செடி நட்டிருந்தார்கள். நன்றாகத்தான் வளர்ந்திருந்தது.

கடன் கொடுக்கலாமா என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். கிழமைக் கடன் வாங்கித் தவிக்கிற பெண்களைப் பார்த்தால் வட்டியில்லாக் கடன் கொடுக்க மனம் வரும்தான். ஆனால் நீங்கள் அறவிடுகிற ஆளாக மாறிய நாளோடு உங்கள் நிதியத்தின் குணம் மாறிவிடும். கடன் தொழில் என்றால் நுண்நிதிக் கடன் பற்றிய சட்டமும் கூடவே வரும். கடன் தேவையானவரை ஊர்ச் சிக்கனக் கடனுதவுக் கூட்டுறவுச் சங்கத்தில் அங்கத்தவராக்கி, முதல் பங்குப் பணத்தை வேண்டுமானால் நிதியத்திலிருந்து கட்டுங்கள். கடன் அவர்களுக்கும் சங்கத்துக்கும் இடையில் இருக்கட்டும்.

இனி நிர்வாக சபை. இதில்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். ஊரில் நிதியம் என்றவுடன் கமக்காரர் அமைப்புத் தலைவர், ஓய்வுபெற்ற அதிபர், கோயில் தர்மகர்த்தா என்று ஏழு பேர் சேர்ந்துவிடுவார்கள். நல்ல மனிதர்கள்தான். ஆனால் அந்த ஏழு பேரில் நாலு பேர் வயல்காரர். பட்டியல் எடுத்த அன்று அந்த அக்கா என்னிடம் தணிந்த குரலில் கேட்டது இது: "ஐயா, கூலி பாக்கி எண்டு எழுதினா அவருக்குக் காட்டுவீங்களோ?" வேறோர் ஊரில் கூலி கூட்டிக் கேட்ட பெண்ணின் பெயர் அடுத்த வருடப் பட்டியலில் இல்லாமல் போனதையும் கண்டிருக்கிறேன். உதவி கொடுக்கிற கையும் கூலி கொடுக்கிற கையும் ஒன்றாக இருந்தால் உதவி ஒரு மூக்கணாங்கயிறு ஆகிவிடும். ஏழு பேர் என்றால் மூன்று பேராவது கூலிக்குப் போகிறவர்கள், அதில் இரண்டு பேராவது பெண்கள் என்று யாப்பிலேயே எழுதுங்கள். வயல்காரர் வரலாம், தன் வயலில் வேலை செய்கிறவரின் விண்ணப்பம் வரும்போது எழுந்து வெளியே போக வேண்டும். கூட்டத்தை விளக்கு வைத்த பிறகு வையுங்கள். பகலில் வைத்தால் கூலிக்காரருக்கு ஒரு நாள் சம்பளம் போகும், வரமாட்டார்கள், பிறகு அவர்களுக்கு அக்கறையில்லை என்று குறிப்பேட்டில் எழுதுவீர்கள்.

நம் மாவட்டத்தில் தமிழ், முஸ்லிம், சிங்கள ஊர்கள் வரம்புக்கு வரம்பு கலந்து கிடக்கின்றன. ஒருவர் வயலில் மற்றவர் கூலிக்கு நிற்பது சாதாரணம். யாருக்கு என்பதை வேலையை வைத்து எழுதுங்கள், ஊரையோ சமயத்தையோ வைத்து எழுதாதீர்கள். சேருவில, கந்தளாய்ப் பக்கத்து ஆட்களும் வருவார்கள் என்றால் படிவத்தைச் சிங்களத்திலும் அடியுங்கள்.

காசுக் கணக்குக்கு வருவோம். 15 இலட்சத்தை அப்படியே நிலையான வைப்பில் போட்டு வட்டியில் நடத்துவோம் என்று நினைப்பீர்கள். 2022 கடைசியில் வங்கிகள் 20 வீதத்துக்கு மேல் கொடுத்தன, அந்தக் காலம் போய்விட்டது. 8 வீதம் என்று வைத்தால் வருடத்துக்கு 120,000. 2025 ஏப்ரல் முதல் வட்டியில் 10 வீதம் வரியாகப் பிடிக்கிறார்கள். மிச்சம் 108,000, மாதம் 9,000 ரூபாய். இரண்டு பாம்புக்கடிக்கு 5,000 கொடுத்தாலே ஒரு மாதக் காசு போய்விடும். அதனால் 10 இலட்சத்தைப் பூட்டிவிட்டு 5 இலட்சத்தை முதல் மூன்று வருடச் செலவுக்குக் கையில் வைத்துக்கொள்வதே புத்தி என்பேன். மூன்று வருடத்துக்குள் ஊரிலிருந்தே காசு வருகிற வழியைக் கண்டுபிடிக்க வேண்டும்.

அந்த வழி களத்துமேட்டில் இருக்கிறது. குளக்கோட்டன் என்கிற மன்னன் கந்தளாய்க் குளம் கட்டிக் கோணேசர் கோயிலுக்கு வயல் விட்டான் என்று கதை சொல்கிற ஊர் இது. விளைச்சலில் பங்கு கொடுப்பதை யாரும் இங்கே புதிதாகப் படிக்கத் தேவையில்லை. கிண்ணியா, மூதூர் முஸ்லிம் கமக்காரர்களுக்கு விளைச்சல் ஸக்காத் மார்க்கக் கடமை: மழையில் விளைந்ததில் பத்தில் ஒன்று, செலவழித்து நீர் பாய்ச்சியதில் இருபதில் ஒன்று. அதோடு போட்டி போடாதீர்கள், அதை யாருக்குக் கொடுப்பது என்று அவர்களுக்குத் தனி விதி உண்டு. பள்ளிவாசல் நிர்வாகத்தோடு பேசி, ஒரே குடும்பம் இரண்டு பக்கமும் அலையாமல் பார்த்துக்கொண்டால் போதும். நீங்கள் எல்லா வயல்காரரிடமும் ஏக்கருக்கு அரைப் புசல் நெல் கேளுங்கள். புசல் 21 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, அரைப் புசல் என்றால் பத்துக் கிலோ சொச்சம். 300 ஏக்கர் உள்ள வட்டையில் எல்லாரும் கொடுத்தால் மூன்று தொன்னுக்கு மேல் நெல். 2025 பெப்ரவரியில் 'நாடு' என்கிற நெல் வகைக்கு அரசு அறிவித்த விலையான கிலோ 120 ரூபாயை வைத்துப் பார்த்தால் மூன்றே முக்கால் இலட்சம். எல்லாரும் கொடுக்கமாட்டார்கள். பாதிப் பேர் கொடுத்தாலே உங்கள் வைப்பு வட்டியைவிட அதிகம். வயல்காரர் தருகிற இந்த நெல்லைக் கூலிக்குப் பதிலாகத் தருகிற தருமம் என்று யாரும் எண்ணிக்கொள்ள விடாதீர்கள். "நாங்கதான் நிதியத்துக்குக் குடுக்கிறமே" என்று கூலியைக் குறைத்த கதையும் உண்டு.

இப்போது பதிவு. ஒரே பிரதேச செயலகப் பிரிவுக்குள் வேலை செய்வதென்றால், தன்னார்வ சமூக சேவை அமைப்புகளைப் பதிகிற 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பிரதேச செயலகத்தில் சங்கமாகப் பதியுங்கள். யாப்பு, ஆரம்பக் கூட்ட அறிக்கை, நிர்வாக சபை விபரம், கிராம உத்தியோகத்தரின் சிபாரிசு என்று கேட்பார்கள். உங்களுக்கு இது போதும். 1917 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசிடம் உறுதி எழுதி டிரஸ்ட் வைப்பது, முதற்பணத்தை யாரும் தொடக்கூடாது என்று இறுக்கிக் கட்ட நல்ல வழி. ஆனால் அதில் பொறுப்பாளர் சிலர் கையில் எல்லாம் போகும், கூலிக்காரருக்கு வாக்கு இருக்காது. பூட்டி வைக்கிற 10 இலட்சம் பின்னாளில் பெருகினால் அப்போது யோசிக்கலாம். 2007 ஆம் ஆண்டின் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதக் கம்பனி தொடங்கச் சொல்லி யாராவது ஆலோசனை தருவார்கள். கணக்காய்வுக்கும் கம்பனிச் செயலாளருக்கும் கொடுத்தே வட்டி முடிந்துவிடும், வேண்டாம்.

வரி விலக்கை நம்பிக் காசு சேர்க்காதீர்கள். 2017 ஆம் ஆண்டின் உள்நாட்டு இறைவரிச் சட்டத்தில் நன்கொடைக்குக் கழிவு இருக்கிறது, அது நோயாளரையும் ஆதரவற்றோரையும் இல்லம் வைத்துப் பராமரிக்கிற, வர்த்தமானியில் அங்கீகரித்த நிறுவனங்களுக்கு. லண்டன்காரருக்குக் கிஃப்ட் எய்ட் (நன்கொடைக்கு அந்த நாட்டு வரிச் சலுகை) வேண்டுமென்றால் அங்கேயே பதிந்த ஒரு தருமம் ஊடாகத்தான் அனுப்ப வேண்டும்.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: பதிவு முடிந்து சங்கத்தின் பெயரில் கணக்குத் திறக்கும்வரை லண்டனிலிருந்து ஒரு ரூபாயும் வரக்கூடாது. நான் இருந்த ஒரு குழுவில் அவசரத்துக்குப் பொருளாளரின் சொந்தக் கணக்கில் காசு வாங்கினோம். தங்கமான மனிதர், சதம் பிசகாத கணக்கு. ஒரு காலை மாரடைப்பில் போய்விட்டார். நாலு இலட்சம் அவர் மரணச் சொத்தோடு சேர்ந்துவிட்டது. அவர் மனைவி கொப்பியைக் கொண்டுவந்து வைத்து, இது உங்கட காசு என்று அழுதார். அவராலும் எடுக்க முடியவில்லை, எங்களாலும் கேட்க முடியவில்லை. நீதிமன்றம் போய் வர இரண்டு வருடம். அதற்குள் இரண்டு மார்கழி போய்விட்டது. வாடிக்கையாளரைச் சரிபார்ப்பது பற்றி 2016 இல் வங்கிகளுக்கு வந்த விதிகளும் தருமக் காசை நிர்வாகிகளின் சொந்தக் கணக்கில் சேர்க்க விடக்கூடாது என்றுதான் சொல்கின்றன. மூன்று பேர் கையெழுத்து வங்கியில் இருக்கட்டும், எந்த இரண்டு பேர் வைத்தாலும் காசு எடுக்கலாம் என்று இருக்கட்டும், மூவரில் ஒருவர் கூலிக்குப் போகிற பெண்ணாக இருக்கட்டும்.

உதவி பெற்றவரின் பெயரைப் பலகையில் ஒட்டாதீர்கள், படம் வேண்டாம். எத்தனை பேருக்கு, எதற்கு, எவ்வளவு என்பதை மட்டும் மாதம் ஒருமுறை கூட்டத்தில் வாசியுங்கள். லண்டனுக்கும் அதே தாளை அனுப்புங்கள்.

காலம் பார்த்தால், ஆவணியில் சிறுபோக அறுவடை முடிகிற நேரம் பட்டியல் எடுங்கள். அப்போது ஆட்கள் வீட்டில் இருப்பார்கள். பதிவும் வங்கிக் கணக்கும் கார்த்திகைக்குள் முடிந்தால் முதல் மார்கழிக்கே கொடுக்கத் தொடங்கலாம். நெல் சேர்ப்பது மாசியில். அதற்கு இலக்கமிட்ட பற்றுச்சீட்டுப் புத்தகம் இரண்டு அடியுங்கள், நூறு சாக்கு சேருங்கள், தராசை மட்டும் நெல் வாங்க வருகிற முதலாளியிடம் இரவல் கேட்காதீர்கள். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் முத்திரை குத்திய தராசு இருக்கும், முதல் நாளே சொல்லி வைத்தால் தருவார்கள்.